கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல்: முதல் நாளிலிருந்து கடைசி பில் வரை

அமெரிக்காவில் ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலத்தோடு வீடு வாங்கும் நம்மவர்கள் பலருக்கு, வீட்டோடு சேர்ந்து ஒரு போர்வெல்லும் வருகிறது என்பது பத்திரம் பதியும் நேரத்தில்தான் உறைக்கிறது. இங்கே தனியார் கிணறுகள் மத்தியக் குடிநீர்ச் சட்டத்துக்குள் வராது. நியூ ஜெர்சி போன்ற சில மாநிலங்களில் வீடு கைமாறும்போது கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தே ஆகவேண்டும், மற்ற பல இடங்களில் நீங்களாகக் கேட்டால்தான் உண்டு. அதே சாலையில் ஒரு பெட்ரோல் பங்க் இருந்து, அதன் தரையடி டேங்க் என்றைக்கோ கசிந்திருந்தால், அந்தப் பிரச்சினை உங்கள் குழாய்க்கு வந்து சேர்ந்துவிடும். பங்க் வாங்கி நடத்தப் போகிறவர்களுக்கும் இது அவ்வளவு முக்கியம், அவர்களுக்கான பகுதி பின்னால் வருகிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் செலவு எகிறுவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால்தான்: கசிவை நிறுத்தாமல் தண்ணீரைச் சுத்தம் செய்யக் கிளம்புவது, நிலத்தடியில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாமலே இயந்திரம் வாங்கிப் பூட்டுவது. பயத்தில் முதல் வாரமே ஏதாவது ஒரு கம்பெனியிடம் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் உயிர், அப்புறம் தண்ணீர்

வீட்டுக்குள், குறிப்பாக பேஸ்மென்ட்டில், பெட்ரோல் வாசனை வந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல் எல்லோரையும் வெளியே கூட்டிப் போய், அங்கிருந்து 911 அழையுங்கள். பெட்ரோல் ஆவி மண்ணின் இடுக்குகள் வழியாக ஏறி அஸ்திவார வெடிப்பில் நுழையும், தீப்பற்ற ஒரு பொறி போதும்.

வாசனை குழாய்த் தண்ணீரில் மட்டும்தான் என்றால் குடிப்பதை நிறுத்துங்கள், சமையலையும் நிறுத்துங்கள், அந்தத் தண்ணீரில் வெந்நீர்க் குளியலும் வேண்டாம். பலர் இந்தக் கடைசியை விட்டுவிடுகிறார்கள். பெட்ரோலில் இருக்கும் பென்சீன் எளிதில் ஆவியாகும், மூடிய குளியலறையில் சுடுதண்ணீர் ஓடும்போது அது காற்றுக்கு வந்து நுரையீரலுக்குப் போகிறது. காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான்: காய்ச்சினால் அது தண்ணீரிலிருந்து உங்கள் சமையலறைக் காற்றுக்கு இடம் மாறும். குளோரின் போடுவதாலும் பயன் இல்லை. சின்க் அடியில் இருக்கும் ஆர்.ஓ.வை நம்பியும் இருக்காதீர்கள், அது உப்புக்காகச் செய்யப்பட்டது.

வாசனை இல்லை, அதனால் தண்ணீர் நல்ல தண்ணீர் என்றும் முடிவு கட்டாதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஈபிஏ குடிநீரில் பென்சீனுக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் (உலக சுகாதார நிறுவனம் 10 என்கிறது). பென்சீன் மூக்குக்குத் தெரியும் அளவு அதைவிட நூறு மடங்குக்கும் மேல். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான விஷயம், அதனால்தான் வரம்பு இவ்வளவு கீழே இருக்கிறது. ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். இன்றைய அமெரிக்கப் பெட்ரோலில் பென்சீன் சராசரியாக 0.62 சதவீதம், அதாவது ஒரு லிட்டரில் 5 கிராமுக்குக் கொஞ்சம் மேல். அது முழுவதும் கரைந்தால் பத்து லட்சம் லிட்டர் தண்ணீரை வரம்புக்குக் கொண்டுவந்துவிடும். ஒரே ஒரு லிட்டர் பெட்ரோல்!

சாம்பிள் எடுப்பது

சான்றிதழ் பெற்ற லேப் ஒன்றை அழைத்து, குடிநீரில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களுக்கான சோதனை வேண்டும் என்று சொல்லுங்கள். பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகிய நான்கும் கட்டாயம் இருக்கவேண்டும், முன்பு பெட்ரோலில் கலந்துவந்த எம்டிபிஇ என்ற பொருளையும் சேர்க்கச் சொல்லுங்கள். பொதுவாக நூறிலிருந்து இருநூறு, இருநூற்றைம்பது டாலருக்குள் முடியும். இந்த மொத்தக் கதையிலேயே மலிவான செலவு இதுதான், ஆனால் இனி வரும் எல்லா முடிவும் இதன் மேல்தான் நிற்கும்.

லேப் 40 மில்லி அளவில் சின்னக் கண்ணாடிக் குப்பிகள் தரும். அதை விளிம்புவரை நிரப்பி மூடித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் உள்ளே ஒரு காற்றுக்குமிழிகூட இருக்கக்கூடாது, இருந்தால் பென்சீன் அந்தக் குமிழிக்குள் போய் ஒளிந்துகொள்ளும், ரிப்போர்ட்டில் எண் குறைவாக வரும். குப்பிக்குள் ஏற்கெனவே அமிலம் சில சொட்டு இருக்கும், அதைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள். ஃபில்டர், சாஃப்ட்னர் எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கும் குழாயில் பிடியுங்கள். பிடித்ததை ஐஸில் வைத்து அன்றோ மறுநாளோ கொடுத்துவிடுங்கள்.

பக்கத்தில் இருப்பது பழைய பங்க் என்றால் இன்னொன்றும் கேளுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் விற்ற காலத்தில் அதோடு எத்திலீன் டைபுரோமைடு என்ற பொருளையும் சேர்த்தார்கள். அதன் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 0.05 மைக்ரோகிராம்தான், பென்சீன் வரம்பில் நூறில் ஒரு பங்கு. வழக்கமான சோதனை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது, தனியாகச் சொல்லிக் கேட்டால்தான் செய்வார்கள்.

யாரிடம் சொல்வது, யார் பணம் கொடுப்பது

ரிப்போர்ட்டில் பெட்ரோல் சேர்மம் வந்துவிட்டால் மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்கு உடனே தெரிவியுங்கள். கிணற்றைச் சுற்றியுள்ள டேங்குகளின் பதிவும் பழைய கசிவு வழக்குகளின் கோப்பும் அவர்களிடம்தான் இருக்கின்றன. பல மாநிலங்களில் கசிவு பங்கிலிருந்துதான் வந்தது என்று உறுதியாகும்வரை பாட்டில் தண்ணீர் தரவோ ஃபில்டர் போட்டுத் தரவோ ஏற்பாடு உண்டு, கேட்டுப் பாருங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

1980-ல் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டம் நச்சு மாசுக்கெல்லாம் பொறுப்பு சுமத்தினாலும் பெட்ரோலியத்தை வெளியே விட்டுவிட்டது. அந்த ஓட்டையை அடைக்க 1984-ல் தரையடி டேங்குகளுக்குத் தனிச் சட்டம் வந்தது, 1986-ல் ஒரு நிதியும் வந்தது. வாகன எரிபொருளில் ஒவ்வொரு காலனுக்கும் 0.1 சென்ட் வரி அந்த நிதிக்குப் போகிறது. பங்க் உரிமையாளர் ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம் டாலர்வரை (எரிபொருள் விற்காத சிறிய இடங்களுக்கு 5 லட்சம்) கொடுக்க வழி வைத்திருக்கிறேன் என்று காப்பீடு மூலமோ மாநில நிதி மூலமோ காட்டவேண்டும். ஆகவே உங்கள் கிணறு கெட்டது பக்கத்து டேங்கால் என்றால் சுத்தம் செய்யும் செலவு உங்கள் தலையில் விழ வேண்டியதில்லை. ஆனால் அதை நிரூபிக்கத் தேதி போட்ட லேப் ரிப்போர்ட், புகைப்படம், தொலைபேசியில் பேசிய விவரம், வாங்கிய பாட்டில் தண்ணீருக்கு ரசீது எல்லாம் வேண்டும். ஒரு ஃபைல் போட்டு வையுங்கள்.

வீட்டுக்கு இப்போதைக்கு ஒரு வழி

நிலத்தடியைச் சுத்தம் செய்ய வருடங்கள் ஆகும், அதுவரை குடும்பம் காத்திருக்க முடியாது. வீட்டுக்குள் தண்ணீர் நுழையும் இடத்திலேயே மாசை ஈர்த்துப் பிடிக்கும் கரி நிரப்பிய இரண்டு பெரிய கார்பன் தொட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைப்பதுதான் வழக்கமான ஏற்பாடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாம்பிள் குழாய் இருப்பது கட்டாயம். முதல் தொட்டி நிரம்பி பென்சீன் நடுக்குழாயில் தெரிய ஆரம்பித்ததும், இரண்டாவது தொட்டியை முதல் இடத்துக்கு நகர்த்திவிட்டு, புதுக் கார்பனை இரண்டாம் இடத்தில் வைப்பார்கள். ஒற்றைத் தொட்டி விற்க வருபவரைத் திருப்பி அனுப்புங்கள், அது எப்போது தோற்றது என்பது உங்கள் டம்ளரில்தான் தெரியவரும். பொருத்த சில ஆயிரம் டாலர், அப்புறம் கார்பன் மாற்றவும் சோதனைக்கும் வருடா வருடம் சில நூறிலிருந்து ஆயிரத்துக்கு மேலும். எம்டிபிஇ இருந்தால் கார்பன் சீக்கிரம் தீரும், ஏனென்றால் அது கார்பனில் சரியாக ஒட்டாது.

பொது நீர்க்குழாய் அருகில் இருந்தால் இணைப்பு வாங்கிவிடுவது பெரும்பாலும் நல்லது. தலைவலி ஒருமுறையோடு முடியும்.

நிலத்தடியில் என்ன நடக்கிறது

பெட்ரோல் தண்ணீரைவிட லேசு. கசிந்தது மண்ணில் இறங்கி நீர்மட்டத்தைத் தொட்டதும், ரசத்தின் மேல் நெய் நிற்பதுபோல மேலே தங்கும். ஆனால் இதை ஓர் ஏரிபோலக் கற்பனை செய்யவேண்டாம். மழைக்கு நீர்மட்டம் ஏற, கோடைக்கு இறங்க, பெட்ரோலும் கூடவே ஏறி இறங்கி மண் துகள்களுக்கிடையில் பூசிக்கொள்கிறது. பம்ப் வைத்து இறைத்தாலும் ஒரு பகுதி வெளியே வராது, மெல்ல மெல்லக் கரைந்துகொண்டே இருக்கும். கரைந்தது நிலத்தடி நீரோட்டத்தோடு நகரும், அப்படி அது பரவியிருக்கும் பகுதியைத்தான் இந்தத் துறையில் ப்ளூம் என்கிறார்கள்.

இதில் ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. மண்ணிலிருக்கும் நுண்ணுயிரிகளுக்குப் பென்சீன் உணவு. 1995-ல் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் கலிபோர்னியாவின் டேங்க் கசிவுகளை ஆராய்ந்தபோது பென்சீன் ப்ளூம்கள் 250 அடியைத் தாண்டுவது அரிது என்று கண்டது. எம்டிபிஇ இதற்கு நேர் எதிர். நன்றாகக் கரையும், மண்ணில் ஒட்டாது, எளிதில் சிதையாது. கலிபோர்னியாவின் சாண்டா மோனிக்காவில் 1995-ல் அது குடிநீர்க் கிணறுகளில் தெரிந்தது, 1996-க்குள் கிணறுகளை மூடவேண்டியதாகி, நகரத்துக்கு வந்துகொண்டிருந்த தண்ணீரில் ஏறத்தாழப் பாதி போயிற்று. எண்ணெய் நிறுவனங்களோடு வழக்காடி, பணம் வாங்கி, சுத்திகரிப்பு நிலையம் கட்டி அந்தத் தண்ணீரைத் திரும்பக் குடிக்க 2010 முடிவுவரை ஆனது. 2004 தொடக்கத்திலிருந்து கலிபோர்னியா பெட்ரோலில் எம்டிபிஇ-க்குத் தடை. இப்போது கலப்பது எத்தனால். அதிலும் ஒரு சிக்கல்: நுண்ணுயிரிகள் எத்தனாலை முதலில் தின்று ஆக்சிஜனைக் காலி செய்துவிடுவதால், பென்சீன் இன்னும் கொஞ்ச தூரம் தப்பிப் போகிறது.

விசாரணை: பணத்தை இங்கே போடுங்கள்

நீரோட்டம் எந்தப் பக்கம் என்று தெரிய குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும். ஆழம் குறைவான மண்ணில் ஒரு கிணறு சில ஆயிரம் டாலர். மண் சாம்பிள், லேப், பொறியாளர் அறிக்கை என்று சேர்ந்தால் முதல் கட்டமே இருபது முப்பதாயிரம் டாலரை எளிதில் தொடும். இதைக் கேட்டுப் பலர் பின்வாங்குகிறார்கள், எனக்கு அவர்கள் மேல் வருத்தம்தான். மிதக்கும் பெட்ரோல் எங்கே நிற்கிறது, மண் மணலா களியா, ப்ளூம் வளர்கிறதா சுருங்குகிறதா என்ற மூன்றுக்கும் பதில் தெரியாமல் போடும் இயந்திரம் தவறான இடத்தில் வருடக்கணக்கில் ஓடும். ஈபிஏ கணக்கில் பலகாலமாகச் சொல்லப்படும் அளவு இது: கொஞ்சம் மண்ணை மட்டும் அகற்றினால் போதும் என்றால் 10,000 டாலருக்கும் முடியும், மண் மாசு பெரிதானால் 1,25,000 வரை, நிலத்தடி நீரைத் தொட்டுவிட்டால் 1 லட்சத்திலிருந்து 10 லட்சத்தையும் தாண்டும். 1 லட்சத்துக்கும் 10 லட்சத்துக்கும் நடுவில் நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்பதில் இந்த விசாரணைக்குப் பெரிய பங்கு உண்டு.

சுத்தம் செய்யும் முறைகள்

முதல் வேலை கசிவை நிறுத்தி டேங்கைக் காலி செய்வது. இரண்டாவது, மிதக்கும் பெட்ரோலை எடுப்பது, உறிஞ்சி எடுக்கும் லாரி கொண்டோ, கிணற்றுக்குள் விட்டு மேலே மிதப்பதை மட்டும் வழித்தெடுக்கும் ஸ்கிம்மர் கொண்டோ. பெட்ரோலாகவே வெளியே வரும் ஒவ்வொரு லிட்டரும், பின்னால் பல லட்சம் லிட்டர் தண்ணீரை வடிகட்டும் வேலையை மிச்சப்படுத்துகிறது. டேங்கைச் சுற்றி ஊறிய மண்ணையும் அப்போதே தோண்டி எடுத்துவிடுவது நல்லது, எப்படியும் டேங்கை வெளியே எடுக்கக் குழி தோண்டத்தான் போகிறார்கள். மண்ணுக்கு டன் கணக்கில் காசு, லாரியும் கொட்டும் கட்டணமும் தனி.

மண் மணலாக இருந்தால் மண்ணுக்குள்ளிருக்கும் காற்றை ப்ளோயர் வைத்து உறிஞ்சி ஆவியை வெளியே எடுப்பது அருமையாக வேலை செய்யும். நீர்மட்டத்துக்குக் கீழே காற்றைச் செலுத்திக் குமிழிகளோடு பென்சீனை மேலே தள்ளுவதையும் இதோடு சேர்த்துச் செய்வார்கள். அந்தக் காற்று நுண்ணுயிரிக்கு ஆக்சிஜனும் கொடுக்கிறது: ஒரு கிலோ பென்சீனை முழுக்கச் சிதைக்க ஏறத்தாழ 3 கிலோ ஆக்சிஜன் வேண்டும், ஆனால் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைவது 10 மில்லிகிராம் சுற்றித்தான், அதனால்தான் இயற்கை தனியாகச் செய்தால் இவ்வளவு மெதுவாகப் போகிறது. களிமண்ணில் இந்த இரண்டு முறையும் பெரிதாகப் பலிக்காது. காற்று தனக்கு எளிதான வழியில் ஓடிவிடும், அழுக்கு இருக்கும் இடத்தைத் தொடாது. கருவி, நிறுவல், இரண்டு மூன்று வருட ஓட்டம் எல்லாம் சேர்ந்து ஒன்றரை லட்சத்திலிருந்து மூன்று நான்கு லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டேஷனில் மின்சாரத்தைப் பலர் பார்ப்பதில்லை: 10 குதிரைத்திறன் ப்ளோயர் நாள் முழுக்க ஓடினால் வருடத்துக்கு 65,000 யூனிட்டுக்கு மேல், யூனிட் 15 சென்ட் என்றாலும் பத்தாயிரம் டாலர் பக்கம்.

தண்ணீரை இறைத்து மேலே கொண்டுவந்து காற்றை ஊதி மாசை ஆவியாக்கும் கோபுரத்திலோ கார்பனிலோ சுத்தம் செய்வது பழைய முறை. ப்ளூம் ஒரு குடிநீர்க் கிணற்றை நோக்கிப் போகும்போது அதைத் தடுத்து நிறுத்த இது தேவைப்படும். ஆனால் முழுச் சுத்தத்துக்கு இதை மட்டும் நம்பினால் முடிவே வராது. பம்ப்பை நிறுத்தியதும் மண்ணில் பூசியிருப்பது மறுபடி கரைந்து எண் மேலே ஏறும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு, பெர்சல்ஃபேட் போன்ற ரசாயனங்களை நிலத்துக்குள் செலுத்துவதும் உண்டு. வேகமான முறை, ஆனால் மருந்து பென்சீனைத் தொட்டால்தான் வேலை செய்யும், ஒரு தடவையில் முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள். மிதக்கும் பெட்ரோல் இருக்கும் இடத்தில் பெராக்சைடு செலுத்தினால் சூடாகி ஆவி கிளம்பும், ஆபத்து.

கடைசியாக, எதுவும் செலுத்தாமல் கண்காணித்துக்கொண்டே இயற்கையைச் செய்யவிடுவது. கசிந்த டேங்கும் ஊறிய மண்ணும் அகற்றப்பட்டு, ப்ளூம் சுருங்குகிறது என்று எண்கள் காட்டி, அருகில் யாருடைய கிணறும் இல்லை என்றால் இது சோம்பேறித்தனம் ஆகாது, சரியான முடிவுதான். வருடத்துக்குப் பத்து, இருபதாயிரம் டாலர் சாம்பிளுக்கும் அறிக்கைக்கும் போகும். நீரோட்டம் போகும் கீழ்ப்பக்கம் குழந்தைகள் இருக்கும் வீட்டில் கிணறு ஓடிக்கொண்டிருந்தால் இதற்குச் சம்மதிக்காதீர்கள்.

பங்க் வாங்குகிறவர்களுக்கு

வாங்கும் முன் பழைய ஆவணங்களைப் பார்க்கும் முதல்கட்ட ஆய்வோடு நிறுத்தாமல், மண்ணும் தண்ணீரும் எடுத்துச் சோதிக்கும் இரண்டாம் கட்டத்தையும் செய்யுங்கள். வாங்கும் அன்று மண் எப்படி இருந்தது என்பதற்கு அதுதான் உங்கள் சாட்சி. மாநில நிதியில் அந்த இடத்துக்குத் தகுதி இருக்கிறதா, உங்கள் பங்காக முதலில் எவ்வளவு கட்டவேண்டும் என்பதை வக்கீலை வைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். நடத்த ஆரம்பித்த பின் கசிவு என்று சந்தேகம் வந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். மறைத்தால் அந்த நிதிக்கே தகுதி போய்விடலாம். மாதாந்திர இருப்புக் கணக்கில் விற்பனையில் 1 சதவீதமும் அதன் மேல் 130 காலனும் வித்தியாசம் வந்தால்தான் விதிப்படி கசிவுச் சந்தேகம். 130 காலன் என்றால் 490 லிட்டர். அவ்வளவு மாதாமாதம் மண்ணுக்குள் போனாலும் கணக்கு பாஸ் ஆகிவிடும், அதனால் சின்ன வித்தியாசம் ஒரே பக்கமாக வந்துகொண்டே இருந்தால் விதி வரும்வரை காத்திருக்காமல் டேங்கையும் குழாயையும் அழுத்தச் சோதனை செய்துவிடுங்கள்.

நம் ஊரில் நடந்தால்

சென்னை தண்டையார்பேட்டையில் 2013-ல் வீட்டு போர்வெல்களில் எண்ணெய் வந்தது, காரணம் தரையடிக் குழாய்க் கசிவு, வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை போனது. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் மின் நிலையத்தின் எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில் 2019-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அங்கே கலந்தது பெட்ரோல் இல்லை, வேறு எண்ணெய், ஆனால் கிணற்றை நம்பியிருந்த குடும்பங்களின் பாடு ஒன்றுதான். இந்தியாவில் அமெரிக்கா மாதிரி டேங்க் கசிவுக்கென்று வரி நிதி இல்லை. 2010-ன் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் மாசுபடுத்தியவரே செலவு ஏற்கவேண்டும் என்கிறது, அதனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார், அங்கீகாரம் பெற்ற லேப் ரிப்போர்ட், அப்புறம் தீர்ப்பாயம் என்றுதான் போகவேண்டும். இந்தியக் குடிநீர்த் தரத்தில் கனிம எண்ணெய்க்கு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்று வரம்பு இருக்கிறது. அதை மட்டும் சோதித்துவிட்டு விடாதீர்கள், பென்சீனைத் தனியாகக் கேளுங்கள். புது பங்க் வருகிறது என்றால் குடியிருப்பிலிருந்து 50 மீட்டர், இடமில்லாத நிலையிலும் 30 மீட்டருக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் சொல்லியிருக்கிறது, கட்டுமானம் தொடங்கும் முன்பே அதை எடுத்துக் காட்டுங்கள்.

வழக்கை மூடும்போது

அமெரிக்காவில் எண்கள் இறங்கியதும் மேல் நடவடிக்கை தேவையில்லை என்று மாநிலம் ஒரு கடிதம் தரும். அதை வரிக்கு வரி படியுங்கள். நிலத்தில் கிணறு தோண்டக்கூடாது, பேஸ்மென்ட் கட்டக்கூடாது என்று பத்திரத்தில் ஏறும் நிபந்தனை அதில் இருக்கலாம், வீட்டை விற்கும்போது அது விலையில் தெரியும். உங்கள் கிணற்றை வருடத்துக்கு இருமுறையாவது, மழைக்காலம் முடிந்து ஒன்று, நீர்மட்டம் இறங்கியபின் ஒன்று என்று சோதிக்கும் செலவை இன்னும் சில வருடத்துக்கு யார் ஏற்பது என்பதைக் கடிதம் வரும் முன்பே பேசி எழுதி வாங்குங்கள். கண்காணிப்புக் கிணறுகளைச் சிமென்ட் கலவையால் முழு ஆழமும் அடைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். மூடி மட்டும் போட்டு விட்டால், அடுத்த தடவை மேலே சிந்துவது எதுவானாலும் அந்தக் குழாய் வழியாக நேராக நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும்.